என் லைன்ல தப்பில்லீங்க

ஆமாங்க, நான்தான் சொன்னேன். அர்ச்சுனன் ஹேச்சரியில, அத்தனை பேர் முன்னாடி, என் லைன்லதான் தப்புன்னு என் வாயாலயே சொன்னேன். உங்ககிட்ட யார் சொல்லியிருந்தாலும் அது பொய்யில்லை. அதுக்காக என் லைன்ல தப்பு இருந்துச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. உட்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுமேல வெச்சுதான் சால்டரிங் பண்ணிட்டிருந்தேன், வேட்டியில ஈயம் ஒட்டிக்கும். இப்படி உட்காருங்க.

உங்க எண்ணெய் மில்லு மீட்டரையெல்லாம் ஒண்ணாக் கோத்துக் கம்ப்யூட்டர்ல காட்டணும்னு வந்திருக்கீங்க. வேலையப் பேசறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டீங்க. நல்லதுங்க. நேரா கேக்கறவங்களை எனக்குப் பிடிக்கும். இந்தப் பல்லடத்துல பாதிப் பேர் என்கிட்ட டீ குடிச்சுட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும், அந்தம்மா இழுத்த வயரு ஹேச்சரியவே கவுத்துருச்சுன்னு பேசறவங்கதான்.

போர்டுல கே. வேணி கன்ட்ரோல்ஸ்னு இருக்கிறதால ஆம்பளைன்னு நினைச்சு வர்றவங்களும் உண்டு. நான் கமலவேணி. கோயமுத்தூர்ல இன்ஸ்ட்ருமெண்டேஷன் டிப்ளமோ முடிச்சு, பஞ்சு மில்லுல பல வருசம் மெயின்டனன்ஸ் பார்த்துட்டு, பொறவு சொந்தமா வந்தவ. நான் ஏணியில ஏறுனா கீழ ஒரு கூட்டம் நிக்கும். எப்ப விழுவான்னு பார்க்கத்தான். ஒரு நாளும் விழுந்ததில்லை. பிடிவாதக்காரின்னு சொல்லுவாங்க. எனக்குப் பிடிவாதமெல்லாம் கிடையாதுங்க. சரின்னா சரி, தப்புன்னா தப்பு. என் விஷயத்துல சரியாத்தான் இருந்திருக்கேன், நான் என்ன பண்றது?

அந்த ஹேச்சரி பொங்கலூர் பக்கம் இருக்குதுங்க. முட்டைய மெஷின்ல வெச்சுக் குஞ்சு பொரிக்கிற இடம். முன்னாடி ஒரு ஷெட்டு, அதுல முட்டை மெஷினுக. பொரியற சமயம் வந்ததும் முட்டைய வண்டியோட தள்ளிட்டுப் போய்ப் பின்னாடி ஷெட்டு மெஷினுக்கு மாத்திருவாங்க. பின் ஷெட்டு பொறவு கட்டினது. அதுக்குத் தனி எர்த்துக் குழி, ஜெனரேட்டரும் அங்கதான். ரெண்டுக்கும் நடுவுல லாரி போற பாதை.

ஒவ்வொரு மெஷின்லயும் சூடு பார்க்கிற டப்பா ஒண்ணு இருக்கும், கன்ட்ரோலர்னு சொல்லுவோம். அத்தனை டப்பாவையும் ரெண்டே ரெண்டு கம்பியில, இதுலிருந்து அதுக்கு, அதுலிருந்து அடுத்ததுக்குன்னு கோத்துட்டே போய் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சேர்க்கணும். கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணையும் நம்பர் சொல்லிக் கூப்பிடும். மூணாம் நம்பர், உன் சூடு எவ்வளவு? அது பதில் சொல்லும். அப்புறம் நாலாம் நம்பர். இப்படியே நாள் பூராக் கேட்டுட்டே இருக்கும். சூடு ஏறுனாலும் சரி, கூப்பிட்டும் பதில் வரலைன்னாலும் சரி, திரை செவந்து ஹாரன் கத்தும். அவ்வளவுதாங்க விஷயம். இதுக்குத்தான் ஆயிரம் பேர் ஆயிரம் பேரு சொல்லி உங்களை மிரட்டுவாங்க.

அந்த லைனை இழுத்தது நான்தான். நல்ல கேபிள். உள்ள ரெண்டு கம்பியும் முறுக்கியிருக்கும், மேல வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு உறை. மோட்டார் சத்தமெல்லாம் கம்பிக்குள்ள புகுந்துராம தடுக்கிறது அந்த உறை. அதை எர்த்துல கட்டணும். சில பேர் ஒரு முனையில கட்டிட்டு இன்னொரு முனைய அப்படியே விட்டுருவாங்க. நான் அப்படி விடமாட்டேன், ரெண்டு முனையிலயும் கட்டுனேன். மில்லுல அப்படித்தான் கட்டுவோம். ரெண்டு பக்கம் கட்டுனா ரெட்டைப் பாதுகாப்புதானுங்களே?

அந்த வேலை நடந்தப்ப ஏணியப் பிடிச்சுட்டு நின்னவ கோகிலவாணி. அங்க பகல் ஷிப்டு ஆபரேட்டர். வீட்டுக்காரர் தறி குடோன்ல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு வீட்டோட இருக்கிறவர். மக நர்சிங் படிக்கிறா. இந்தச் சம்பளம் ஒண்ணுதான் வீட்டுக்கு. ஆனா முகத்துல அதெல்லாம் காட்டமாட்டா. மத்தியானம் நானும் அவளும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவ தக்காளி சாதத்துல பாதிய என் டப்பாவுல போட்டுருவா. வேணாம்னு சொன்னாலும் கேக்கமாட்டா. என்கிட்ட அப்படி அதிகாரம் பண்றவங்க ரொம்பக் கம்மிங்க.

லைன் நல்லாத்தான் ஓடுச்சு. அந்தச் சித்திரையிலதான் கரண்ட் சதி பண்ணுச்சு. மத்தியானம் ஆனாப் போதும், போயிரும். ஜெனரேட்டர் ஓடும். அது ஓட ஆரம்பிச்சதும் பின் ஷெட்டு பூராச் சிவப்பு, ஹாரன். போய்ப் பார்த்தா மெஷினுக பாட்டுக்கு ஓடிட்டிருக்கும், சூடும் சரியா இருக்கும். கம்ப்யூட்டருக்குத்தான் பதில் போகாது. கோகிலா எனக்குப் போன் பண்ணுவா.

நான் போகலைன்னு யாரும் சொல்ல முடியாதுங்க. போனேன். காலையில போனேன், எனக்குக் காலையிலதான் நேரம் ஒழியும். ஒவ்வொரு ஸ்க்ரூவா முறுக்குனேன். கம்பி ரெண்டும் இடம் மாறியிருக்கான்னு பார்த்தேன். ரெண்டு டப்பாவுக்கு ஒரே நம்பர் விழுந்திருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லிக் குழப்பும், அதையும் பார்த்தேன். லைன் முடியற டப்பாவுல ஒரு சின்ன ரெசிஸ்டர் போடுவோம், அதைப் புதுசா மாத்துனேன். எல்லாம் பச்சையா இருந்துச்சு. பச்சையா இருக்கிறதை இன்னும் எப்படிப் பச்சையாக்கறது?

மத்தியானம் ஜெனரேட்டர் ஓடறப்ப ஒருக்கா வந்து பாருங்கக்கான்னு அவ சொன்னா. ரெண்டு மூணு தரம் சொன்னா. நான் ஒருத்தி எத்தனை இடத்துக்குப் போறது? வெயில் வேற. ஜெனரேட்டர் ஓடுனா அப்படித்தான் கத்தும், பட்டனை அமுத்திட்டு வேலையப் பாரு, கரண்ட் வந்தா அதுவா சரியாயிரும்னு சொன்னேன். அமுத்துனா சும்மா இருந்துரும், மறுபடி கரண்ட் வர்ற வரைக்கும் கத்தாது. அவளும் அமுத்திட்டு, ஒருக்கா பின் ஷெட்டுக்கு நடந்து போய்ப் பார்த்துட்டு வந்துருவா. அப்படியே ஓடிட்டிருந்துச்சு.

அன்னிக்கு முட்டை லாரி வந்து முன் ஷெட்டுல நிக்குது. இறக்க ஆள் போதலை. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடுச்சு, ஹாரன் கத்துச்சு, கோகிலா அமுத்திட்டு முட்டை இறக்கப் போயிட்டா. பின் ஷெட்டுல ஒரு மெஷின்ல ஃபேன் பெல்ட் அறுந்திருக்கு. காத்து ஓடலைன்னா உள்ள சூடு எப்படி ஏறும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரிய அனுப்பிட்டு அவ போய்க் கதவைத் திறந்தப்ப சத்தமே இல்லையாம். குஞ்சு பொரியற மெஷினைத் திறந்தா காது கிழியணும்ங்க. ஈரங்கூடக் காயாத குஞ்சுக.

அர்ச்சுனன் அண்ணன், அதான் முதலாளி, கெட்டவர் இல்லை. ஆனா அன்னிக்கு அவர் பேசுனதைக் கேட்டவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க. ஹாரன் கத்தக் கத்த அமுத்திட்டுப் போயிருக்கே, நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டார். கோகிலா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். தினமும் சும்மா கத்துமுங்க, அதனாலதான் அமுத்துனேன்னு. நான் அமுத்தச் சொன்னேன்னு அவ சொல்லலை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலைன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் என்ன, சொன்னா பயந்தா போயிருவேன்?

ஆனா அந்தத் தினமும் சும்மா கத்தும்ங்கற பேச்சு இருக்கு பாருங்க, அது நேரா என் லைன் மேல வந்து உட்கார்ந்துருச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஒரு கம்பெனி ஆளை வரச் சொல்லியிருக்கோம், உங்க வயரை ஒருக்கா பார்க்கச் சொல்லப் போறோம்னு ஹேச்சரி சூப்பர்வைசர் எனக்குப் போன்ல சொல்றான். என் லைனை இன்னொருத்தன் பார்க்கிறதா? மீட்டரை எடுத்துப் பையில போட்டேன், ஸ்கூட்டிய எடுத்தேன், போயிட்டேன்.

நான் போறப்ப எல்லாருமே இருந்தாங்க. அர்ச்சுனன் அண்ணன், சூப்பர்வைசர், கோயமுத்தூர் ஆள். அவர் பேரு விபின், பாலக்காட்டுப் பக்கம். முப்பது வயசு இருக்கும், கையக் கட்டிட்டு ஒரு ஓரமா நின்னுட்டிருந்தார். ஆபீஸ் வாசல் பெஞ்சுல கோகிலா. வேலைய மறுபடி குடுங்கன்னு கேக்க வந்திருந்தா போல. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சா. அவ முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சுங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா வந்துட்டாங்கன்னு.

நான் யாரையும் பேச விடலை. கம்ப்யூட்டரைத் திருப்பி எல்லாருக்கும் காட்டுனேன். எல்லாம் பச்சை. ஒவ்வொரு டப்பாவாக் கூப்பிட்டேன், ஒவ்வொண்ணும் பதில் சொல்லுச்சு. மீட்டரை வெச்சு முன் ஷெட்டுல அளந்தேன், பின் ஷெட்டுல அளந்தேன், எண் சரியா வந்துச்சு. என் லைன்ல ஒரு தப்பும் இல்லை, இது என்னிக்கும் சும்மா கத்தாதுன்னு அடிச்சுச் சொன்னேன். ஒரு பொம்பள இழுத்த வயருன்னுதானே இத்தனை பேச்சு, இப்ப யாராச்சும் பேசுங்க பார்க்கலாம்னும் சொன்னேன். இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பெருமையா இருக்கும்.

அர்ச்சுனன் அண்ணன் கோகிலா பக்கம் திரும்புனார். "அந்தம்மா சும்மா கத்தாதுங்கறாங்க. நீ சும்மா கத்தும்னே. அப்ப நீ சொன்னது பொய்தானே?"

கோகிலா அவரைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தா. டிபன் பையை எடுத்துட்டு வெளிய போயிட்டா. வெயில் தாங்கலை போலன்னு நினைச்சுட்டேன்.

முதலாளிக்கு ஒரு போன் வந்து அவர் வெளிய போனார். அப்பத்தான் அந்த விபின் வாயத் திறந்தார். ஜெனரேட்டரைக் கொஞ்சம் ஓட்டலாமான்னு சூப்பர்வைசரைக் கேட்டார். ஓட்டுனாங்க. பின் ஷெட்டு அத்தனையும் சிவப்பாயிருச்சு. பாத்தீங்களா, ஜெனரேட்டர்லதான் கோளாறுன்னேன். இருக்கலாம் மேடம்னுட்டு அவர் பின் ஷெட்டுக்கு நடந்தார், நானும் பின்னாடியே போனேன். அங்க பேனலைத் திறந்து, நான் உறைய எர்த்துல கட்டியிருந்தேன் பாருங்க, அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழட்டினார். ஆபீஸ்ல இருந்து சூப்பர்வைசர் பச்சை வந்துருச்சுன்னு கத்தறான். மறுபடி மாட்டினார், சிவப்பு. கழட்டினார், பச்சை.

எனக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சாரோ என்னமோ, தரையப் பார்த்துட்டே பேசினார். ரெண்டு கட்டடத்துக்கும் எர்த்து வேற வேற, ஜெனரேட்டர் ஓடறப்ப அது ரெண்டும் சமமா இருக்காது, உறைய ரெண்டு பக்கமும் கட்டுனா அது வழியா கரண்ட் ஓடி லைனைக் கலைச்சுரும், ஒரே கட்டடமா இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுன்னார். இப்பச் சொல்லுங்க, இதுல என் லைன்ல என்ன தப்பு? லைன் அப்படியே இருக்கு. கம்பியை மாத்தலை, டப்பாவை மாத்தலை. ஒரு ஸ்க்ரூவைக் கழட்டுனார். தப்பு அந்தக் கட்டடத்து எர்த்துல இருக்கு. அதை நானா தோண்டுனேன்?

போனை முடிச்சுட்டு முதலாளி வந்து என்னாச்சுன்னு கேட்டார். விபின் ஒரு தரம் என்னைப் பார்த்தார். எர்த்துல சின்னப் பிரச்சினை சார், சரியாயிருச்சு, மேடம் லைன் நல்லா இருக்குன்னார். என்னைக் காப்பாத்தறாராமா. யாருங்க கேட்டது? என்னைக் கண்டு பயந்துட்டார்னு நினைக்கிறேன்.

அர்ச்சுனன் அண்ணன் தலையாட்டினார். அப்ப அந்தப் பொண்ணு மேலதான் முழுத் தப்பும், கணக்கை முடிச்சு விட்டுருங்கன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டு நடந்தார்.

நான் ஜெயிச்சுட்டேன். ஸ்கூட்டிய எடுத்துட்டு வந்திருக்கணும். மீட்டர் ஒயரைச் சுத்திப் பையில வெச்சுட்டே ஜன்னல் வழியாப் பார்த்தேன். ரோட்டோரம் கோகிலா பஸ்ஸுக்கு நிக்கறா. அங்க நிழல் கிடையாதுங்க. டிபன் பையத் தலைக்கு மேல பிடிச்சுட்டு நிக்கறா. பஸ் ஒண்ணு வந்து நிக்காமப் போச்சு. அவ அதுக்குக் கையும் காட்டலை, ஓடவும் இல்லை. அப்படியே நிக்கறா.

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலைங்க. வெளிய வந்து முதலாளி முன்னாடி போய் நின்னேன்.

"அண்ணா, என் லைன்லதான் தப்பு. நான் கட்டக் கூடாத இடத்துல எர்த்து கட்டிட்டேன். ஜெனரேட்டர் ஓடறப்பல்லாம் அது பொய்யாத்தான் கத்தியிருக்கு. அமுத்திட்டு வேலையப் பாருன்னு சொன்னதும் நான்தான். கோகிலா மேல ஒண்ணும் இல்லை."

ஆளுக கூடிட்டாங்க, லோடுமேன், டிரைவர், எல்லாரும். விபின் என்னையே பார்த்துட்டு நிக்கறார். அர்ச்சுனன் அண்ணன், கொஞ்சம் முன்னாடி அடிச்சுச் சொன்னீங்களேம்மான்னு கேட்டார். ஆமாங்கண்ணா, அப்ப அதைச் சொன்னேன், இப்ப இதைச் சொல்றேன்னேன். இனிமேல் என் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்காதீங்கன்னார். சரிங்கன்னேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கோகிலாவைக் கூட்டிட்டு வரச் சொன்னார். அவ உள்ள வர்றா, நான் வெளிய போறேன். கேட்டுல என்னைத் தாண்டிப் போனா. திரும்பிப் பார்க்கலை.

இதுல நான் சொன்னது பாதி பொய், உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அமுத்தச் சொன்னது நிஜம், அதை நான் எப்பவும் மறைக்கமாட்டேன். என் லைன்ல தப்புங்கறது கோகிலாவுக்காகச் சொன்ன பொய். ஒரு குடும்பம் நிக்கணும்னு சொன்னேன். அதைத்தான் இந்த ஊர் எடுத்து வெச்சுட்டுப் பேசுது. அந்தம்மாவே ஒத்துக்கிச்சேன்னு. பேசட்டுங்க. ரெண்டு மில்லு வேலை போச்சு, ஒரு கோழிப்பண்ணை வேலை போச்சு. போகட்டும். நாளைக்கே அப்படி ஒண்ணு நடந்தாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனா யாராச்சும் என்கிட்ட வந்து, உங்க லைன்ல தப்பு இருந்துச்சில்லன்னு கேட்டாங்கன்னா, இல்லைன்னுதான் சொல்லுவேன். எத்தனை தரம் கேட்டாலும் சரி.

உங்களை இங்க அனுப்பினதும் அந்த விபின்தானுங்களா? நினைச்சேன். இது மூணாவது ஆள். என்னத்துக்கு அனுப்பறார்னு தெரியலை. அவங்க கம்பெனிக்கு ஆள் பத்தலை போல.

உங்க மில்லுலயும் ரெண்டு கட்டடம்னீங்க. கேட்டுக்குங்க, உறைய ஒரு முனையில மட்டும்தான் எர்த்துல கட்டுவேன். ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல, ஒரு பக்கத்துக் கரண்ட் மறு பக்கம் தாண்டாம லைனைப் பிரிச்சுக் குடுக்கிற டப்பா ஒண்ணும் போட்டுருவேன். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டாம வேலை முடிஞ்சுதுன்னு சொல்லமாட்டேன், அதுவும் மத்தியான வெயில்லதான் ஓட்டிக் காட்டுவேன். இதெல்லாம் அவர் சொன்னதுனால இல்லைங்க. எனக்காத் தோணுனது.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலைங்க. நீங்களும் நாலு பேரைப் பார்த்தவங்க, கேக்கறேன். போன ஞாயித்துக்கிழமை கோகிலா இங்க வந்தா. அதுவரைக்கும் ஒரு போன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு பை முருங்கைக்காயோட வந்து, இதோ இந்த வாசப்படியில உட்கார்ந்தா. மகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதாம். வீட்டுக்காரர் இப்பக் கம்பு ஊன்றி நடக்கிறாராம். அர்ச்சுனன் அண்ணன் இவளைப் பின் ஷெட்டுக்குப் பொறுப்பா போட்டுட்டாராம். எல்லாம் சொன்னா. நான் தண்ணி குடுத்தேன், குடிச்சா. எந்திரிச்சுப் போறப்ப என் கையப் பிடிச்சுட்டு, "அக்கா, இப்ப எனக்கு உங்க மேல கோவம் இல்லை"ன்னா.

அவ பஸ் ஏறிப் போன பொறவும் நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன். அவளுக்காகப் பொய் சொல்லி, பேரைக் கெடுத்துக்கிட்டு, வேலைய விட்டுட்டு நிக்கறவ நான். நீங்களே சொல்லுங்க, என் மேல அவளுக்கு எதுக்குங்க கோவம்?